கொம்பு இடம் மாறாத பிரிண்டர்

என் மாமியார் என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து டெலிபோன் எடுப்பார். நான் எடுத்தால், "அவன் நிக்கிறானோ?" என்று கேட்பார். "இருக்காருங்க, கூப்புடுறேன்" என்பேன் நான். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் நடந்த பேச்சுவார்த்தை மொத்தமும் அவ்வளவுதான். கல்யாணத்துக்கும் அவர் வரவில்லை, அதற்குப் பிறகு பதுளைப் பக்கமும் வரவில்லை. மகன் ஒரு தோட்டக்காட்டாளைக் கட்டிவிட்டான் என்று சொல்லி அழுததாகக் கேள்விப்பட்டேன். அந்தச் சொல் என் காதுக்கு வந்த நாளில் எனக்கு ஏறிய கோபம் லேசில் இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் முழுதாக இன்னும் இறங்கவில்லை.

நான் மடுல்சீமையில் தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றில் பிறந்தவள். அம்மா கொழுந்தெடுக்க, அப்பா கவ்வாத்து வெட்ட, நான் பதுளையில் தங்கிப் படித்து அங்கேயே தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சரானேன். என் வீட்டுக்காரர் தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிளார்க். மெலிந்த மனிதர், குடையும் ஃபைலுமாக நடப்பார். அவர் "ஓம்" என்பதும் நான் "ஆமாங்க" என்பதுமாக எங்கள் குடும்பம் ஓடியது. பிள்ளைகள் இல்லை. எங்கள் வழக்கப்படி நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "என்னங்க"தான். அவர் என்னை "இஞ்சாரும்" என்பார். வீட்டில் மூன்றாவதாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. டியூஷன் வகுப்பு ஒன்று மூடியபோது அங்கிருந்து வாங்கிய பழைய பெட்டி. அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு வைத்திருந்தார். எழுதிக் கேட்டால் வெளிநாட்டிலிருந்து தபாலில் இலவசமாக ஒரு சிடி அனுப்பினார்கள், அதுதான். சும்மா வந்த சாமானுக்கு இவ்வளவு சீராட்டா என்று நான் கேலி செய்வேன்.

சண்டையால் வடக்குக்குப் போகும் பாதை மூடிக் கிடந்த காலத்தில் மாமி செத்துப்போனார். காலையில் என் வீட்டுக்காரரின் தங்கை டெலிபோனில் சொன்னாள். இவர் அலுவலகத்துக்குப் புறப்பட்டு ஒரு காலில் சப்பாத்தைப் போட்டிருந்தார். மற்றச் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கப்பலுக்கும் பிளேனுக்கும் பெயர் கொடுத்து அனுமதி வாங்கிக் காத்திருக்க வேண்டும். அதுவரை பிரேதம் வைத்திருக்க முடியாது. மருமகன்தான், அதாவது அந்தத் தங்கையின் புருஷன்தான், கொள்ளி வைத்தார். அந்த நேரத்தில் இவர் இங்கே பின்பக்கக் குழாயடியில் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நின்றார். மாமியை நினைத்து எனக்கு அழுகை வரவில்லை. இவரைப் பார்த்துத்தான் வந்தது.

சில நாள் கழித்து என்னிடம் வந்து சொன்னார்:

"இஞ்சாரும், அம்மாவுக்கு ஒரு கல்வெட்டு அடிக்கவேணும். முப்பத்தொண்டுக்கு முதல்."

நான் சமூகக்கல்வி படிப்பிக்கிறவள். எனக்குக் கல்வெட்டு என்றால் ராஜாக்கள் பாறையில் வெட்டியது. பாவம், அம்மாவுக்கு ஒரு கல் நட ஆசைப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். எரித்துவிட்ட அம்மாவுக்குக் கல்லை எங்கே கொண்டுபோய் நடுவார் என்று யோசித்தேன்தான். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க மனசு வரவில்லை. அப்பாவுக்கு மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மடுல்சீமையிலிருந்து மரக்கறி ஏற்றி வந்த லொறியில் அப்பா வந்து இறங்கினார். கூடவே படங்குத் துணியில் சுற்றிய ஒரு கல். நல்ல சதுரமாக, ஒரு பக்கம் வழவழவென்று கொத்தி எடுத்திருந்தார்கள். அப்பாவும் லொறிக்காரரும் அதைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார்கள்.

"மாப்புள, கல்லு நல்ல கல்லுங்க. கல்லு வெட்டுற பாஸ்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். சம்மந்தியம்மா பேர எழுதிக் குடுத்தீங்கன்னா வெட்டிடுவாரு" என்றார் அப்பா.

இவர் கல்லைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகுதான் விளங்கப்படுத்தினார். அவர்கள் ஊரில் கல்வெட்டு என்பது புத்தகமாம். செத்தவருடைய படம் போட்டு, அவர் வாழ்க்கை எழுதி, தேவாரமும் புலம்பலும் சேர்த்து, வம்சாவளி போட்டு அச்சடித்து, முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுப்பார்களாம். எங்கள் பக்கம் கருமாதியோடு காரியம் முடிந்துவிடும். புத்தகமாவது ஒன்றாவது. அப்பாவின் முகம் சுண்டிப்போனது. கல்லைத் திரும்பக் கொண்டுபோகிறேன் என்று எழுந்தார். இவர் விடவில்லை.

"இல்லை மாமா, இருக்கட்டும். அம்மாவுக்கெண்டு வந்தது."

கல் வாசலிலேயே இருந்தது.

பதுளையில் தமிழில் அச்சடிக்க ஆள் இல்லாமலில்லை. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் அடிக்கிற இடம் ஒன்று பஜாரிலேயே இருந்தது. அங்கே கொடுத்தால் ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. நான் அதைச் சொன்னேன்.

"கொள்ளி வைக்கத்தான் எனக்குக் கிடைக்கேல்ல. இதையாவது என்ர கையால செய்யிறன்" என்றார்.

கம்ப்யூட்டர் இருக்கிறது, பிரிண்டர் ஒன்று வாங்கினால் போதும் என்று நினைத்தேன். அந்த ஒன்றை வாங்குவதுதான் பெரும்பாடு என்று எனக்கு அப்போது தெரியாது.

கடைகளில் விற்கிற பிரிண்டர்களில் பாதிக்கு மேல் விண்டோஸை நம்பிப் பிறந்தவை. லினக்ஸில் பூட்டினால் முனகும், விளக்கு மினுங்கும், தாளை மட்டும் எடுக்காது. அப்படியென்றால் ஊரே செய்வதுபோல விண்டோஸை யாரிடமாவது களவாகக் கொப்பி பண்ணிப் போட்டு வேலையை முடிக்கலாமே என்றேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் ஓடியது.

"களவெடுத்த சாமானில அம்மாவின்ர கல்வெட்டை அடிக்கச் சொல்லுறீரோ?" என்று கேட்டார். பெரிய அரிச்சந்திரன் என்று வாய்வரை வந்தது. செத்த வீடு என்று அடக்கிக்கொண்டேன்.

இன்டர்நெட் கடைக்குப் போய், லினக்ஸில் எந்தெந்தப் பிரிண்டர் வேலை செய்யும் என்று உலகத்து ஆட்கள் எழுதி வைத்திருந்ததை எல்லாம் படித்துவிட்டு வந்தார். அதில் நல்லது என்று போட்டிருந்தது எதுவும் பதுளைக் கடைகளில் இல்லை. பதுளைக் கடைகளில் இருந்ததைப் பற்றி உலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு கடைக்காரர், "லினக்ஸா சேர்? அந்தக் கம்பனிப் பிரிண்டர் இப்ப வாறதில்ல, மையும் கிடைக்காது" என்று அனுதாபத்தோடு சொல்லியிருக்கிறார். அதை வீட்டில் வந்து சொல்லும்போது, மாமி செத்த பிறகு முதல்தடவையாக அவர் சிரித்தார்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. நல்லது என்று எழுதியிருந்த அதே பெயர், அதே இலக்கம். சந்தோஷமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு த்ரீவீலரில் கொண்டுவந்தார். வீட்டில் பூட்டினால் ஒரு சத்தம் போட்டுவிட்டு அமர்ந்துவிட்டது. திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் கண்ணில் பட்டது: இலக்கத்துக்குப் பின்னால் வால்போல ஓர் எழுத்து கூட இருந்தது. அந்த வால் இருந்தால் அது வேறு சாமானாம். பெட்டியை மூடி, திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தார். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டு எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வழி பிடித்தார். அந்த லினக்ஸ் சிடியைப் போட்டால் எந்தக் கம்ப்யூட்டரும் உள்ளே இருப்பதைத் தொடாமல் தற்காலிகமாக லினக்ஸில் ஓடும். அலுவலகம் முடிந்ததும் சிடியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மழையில் குடையோடு கடை கடையாக ஏறினார். உங்கள் கம்ப்யூட்டரில் இதைப் போட்டு உங்கள் பிரிண்டரில் ஒரே ஒரு வரி அடித்துப் பார்க்கிறேன் என்று கேட்பார். முதலாளிமார் பதறுவார்கள். "சேர், மெஷின் அழிஞ்சு போயிராதே?" என்று ஒருவர் சிடியைக் கையால் மறித்தாராம். செத்த அம்மாவுக்காக என்று சொன்ன பிறகு விட்டிருக்கிறார்.

அந்த ஒரு வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் இரண்டு பெயர்கள்தான் இருக்கும். ஒன்று மாமியுடையது, மற்றது என்னுடையது.

அந்தக் காலத்தில் லினக்ஸிலிருந்து தமிழை அச்சடித்தால் திரையில் சரியாகத் தெரிவது தாளில் பிழையாக விழும். முக்கியமாகக் கொம்பு. எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும், பக்கத்தில் புள்ளி வைத்த ஒரு வட்டமும் விழும். எழுத்தாக அனுப்பினால் பிரிண்டர் தன் மூளையைப் பாவிக்கிறது, படமாக அனுப்பினால்தான் சொன்னதைச் செய்கிறது என்று அவர் ஏதோ விளக்கினார். எனக்குப் புரிந்தது ஒன்றுதான். மாமியின் பெயர் இரட்டைக் கொம்பில் தொடங்கும், என் பெயர் ஒற்றைக் கொம்பில் தொடங்கும். அவர்கள் குடும்பத்தில் வேறு யார் பெயர் எப்படி வந்தாலும் எங்கள் இரண்டு பெயரும் தப்பாது, உடைந்துதான் வரும்.

"கொம்பு முளைச்ச ரெண்டு பேருக்கு நடுவில மாட்டுப்பட்டிட்டன். அவவுக்கு ரெண்டு, உமக்கு ஒண்டு" என்றார் ஒருநாள், தோல்வியோடு திரும்பி வந்து ஈரச் சட்டையைக் கழற்றிக்கொண்டே.

அவர் கொண்டுவந்த தாளைப் பார்த்தேன். மாமியின் பெயரில் கொம்பு கழன்று பின்னால் கிடந்தது. எனக்குள்ளே ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. நல்லா வேணும் என்றுகூட நினைத்தேன். அடுத்ததாக என் பெயரைப் பார்த்தேன். அதுவும் அதே மாதிரிதான் கிடந்தது. ஒரே வீட்டில் ஒருநாள்கூட இருக்காத இரண்டு பொம்பிளைகளும் ஒரே வரியில், ஒரே மாதிரி அடிபட்டுக் கிடந்தோம். அதற்குப் பிறகு எனக்குக் கேலி செய்ய மனசு வரவில்லை.

நாட்கள் போய்க்கொண்டிருந்தன. மாமியின் வாழ்க்கையை அவர் எழுதி முடித்துவிட்டார். புலம்பலும் அவரே எழுதினார். வம்சாவளியைப் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று பார்த்தேன். தங்கைக்குக் கீழே பிள்ளைகள், பேரப்பிள்ளை என்று கொடி இறங்கிக்கொண்டே போனது. அவருக்குப் பக்கத்தில் என் பெயர். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"என் பேரப் போடாதீங்க. அவங்களுக்குப் பிடிக்காது" என்றேன்.

"பிடிக்காட்டி அவ வந்து சொல்லட்டும்" என்றார். நான் தேத்தண்ணி போடப் போனேன்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் டைப்பிங் நிலையம் ஒன்றை மூடிக்கொண்டிருந்தார்கள். அதை நடத்திய அம்மா கண்டியில் இருக்கும் மகள் வீட்டோடு போய் இருக்கப்போகிறார் என்று, எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் சொன்னார். அங்கே பழைய லேசர் பிரிண்டர் ஒன்று இருப்பதாகவும் சொன்னார். இவரோடு நானும் போனேன். அரிசிப்பெட்டி அளவு இருந்தது பிரிண்டர், நிறமெல்லாம் மஞ்சளாகிப் போயிருந்தது. இது எங்கே வேலை செய்யப்போகிறது என்று நான் ஓரமாகக் கிடந்த கதிரையில் உட்கார்ந்தேன். அவர் சிடியைப் போட்டார், காத்திருந்தார், அந்த வரியை அடித்தார். பிரிண்டர் பெருமூச்சு விட்டது. விளக்கு மங்கியது. தாள் வெளியே வந்தது.

அவர் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முதல் பெயரின் மேல் விரலை வைத்தார், பிறகு இரண்டாவது பெயரின் மேல்.

"ரெண்டு பேரும் வந்திட்டீங்கள்" என்றார்.

சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். அம்மா செத்த செய்தி வந்த நாளிலிருந்து அழாத மனிதர், முன்பின் தெரியாத ஒருவருடைய கடையில் நின்று பிள்ளைபோல ஏங்கி ஏங்கி அழுதார். அந்த அம்மா என்னவோ ஏதோ என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். மாமியை நினைத்து நான் அழுததும் அங்கேதான். எந்தப் பிறவிப் பகையோ, மாமி என்னிடம் வந்துசேர ஒரு பிரிண்டர் வேண்டியிருந்தது.

வீட்டில் மேசையில் வைத்தால் மேசை ஆடியது. ஒவ்வொரு தாளுக்கும் மேசை நகர்ந்து சுவரில் முட்டியது. அவர் யோசித்துவிட்டு வாசலில் கிடந்த கல்லைக் காட்டினார். இரண்டு பேருமாக உருட்டி, இழுத்து, அறை மூலையில் கொண்டுவந்து போட்டோம். வழவழப்பான பக்கம் மேலே. பிரிண்டர் அதில் ஏறி உட்கார்ந்த பிறகு அசையவே இல்லை. முப்பத்தோராம் நாளுக்கு அப்பா வந்தபோது இவர் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்.

"பாருங்கோ மாமா, உங்கட கல்லிலதான் கல்வெட்டு அடிச்சனான்."

அப்பா குனிந்து கல்லைக் கையால் தடவிப் பார்த்தார். "பேரு வெட்டலைன்னா என்னங்க மாப்புள, அவங்க பேரச் சொல்லிக்கிட்டுத்தானே கிடக்கு" என்றார்.

காரியத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் எங்கள் ஆட்கள்தான். மடுல்சீமையிலிருந்தும் ஹல்துமுல்லையிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பதுளையில் இருந்த யாழ்ப்பாணத்து ஆட்கள் அநேகம் பேர் அதற்குள் மாற்றல் வாங்கிப் போய்விட்டார்கள். மாமியை நேரில் கண்ட ஆள் அந்தக் கூட்டத்தில் இவர் ஒருவர்தான். எல்லோர் கையிலும் ஒவ்வொரு கல்வெட்டாகக் கொடுத்தார். எங்கள் சித்தி ஒருவர், இது என்ன சாமி புத்தகம் என்று கேட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் மாமியாரை, தோட்டக்காட்டாள் என்று அழுத அந்த மனுஷியை, தோட்டத்து ஆட்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு சேலைத் தலைப்பில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

தங்கைக்கு ஒரு கட்டுக் கல்வெட்டைத் தபாலில் அனுப்பினார். அது எப்போது போய்ச் சேர்ந்ததோ, நாள் கழித்து அவள் டெலிபோன் எடுத்தாள். வடிவாய் இருக்கிறது என்று அண்ணனிடம் சொன்னாளாம். நான் எடுத்தபோது அவளும் தாயைப்போலத்தான் கேட்டாள்: "அண்ணா நிக்கிறாரோ?"

பாதை திறக்கும், திறந்ததும் வீட்டுக்குப் போவோம், உம்மையும் கூட்டிக்கொண்டு போவேன் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பாதை திறந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. அதற்கு முந்தின வருடம், அலுவலகத்துக்கு நடந்து போகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆட்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் வகுப்பிலிருந்து ஓடிப் போய்ச் சேர்ந்தபோது முடிந்துவிட்டது. குடையும் ஃபைலும் மட்டும் என் கையில் கொடுத்தார்கள்.

தங்கையால் வர முடியவில்லை. செத்த வீட்டுச் சந்தடி ஓய்ந்த பிறகு ஒருநாள் அவளுடைய டெலிபோன் வந்தது. நான் எடுத்தேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. பழக்கதோஷத்தில் அவள் யாரைக் கேட்கப்போனாள் என்று எனக்குத் தெரியும். கேட்க இனி ஆள் இல்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் குரல் வந்தது.

"மச்சாள்" என்றாள். "அண்ணாவுக்குக் கல்வெட்டு அடிக்கப்போறீங்களோ?"

அடிப்பேன் என்றேன்.

அவர் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்த பழக்கம்தான் எனக்கு. அடுத்த நாள் மத்தியானம் கம்ப்யூட்டரைப் போட்டேன். கல்லின்மேல் இருந்த பிரிண்டர் மூடியின் தூசைத் துடைத்து, தாள் வைத்தேன். எதையும் அடிப்பதற்கு முதல் அவர் அந்த ஒரு வரியைத்தான் அடித்துப் பார்ப்பார். நானும் அதையே அடித்தேன். விளக்கு மங்கி எரிந்தது, தாள் சூடாக வந்தது. மாமி, நான். இரண்டு கொம்பும் இடத்தில் நின்றன.

அதற்குப் பிறகு அவர் பெயரை டைப் பண்ணினேன். வாயால் ஒருநாளும் சொல்லாத பெயர். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித்தான் அடித்தேன். தாளை எடுத்து அவர் பார்ப்பதுபோல ஜன்னலில் பிடித்தேன். சரியாகத்தான் இருந்தது. எங்கே பிழை வரும் என்று கொம்பைத் தேடினேன். அவர் பெயரில் கொம்பே இல்லை. மழையில் ஏறி இறங்கி, வேண்டாம் என்று அவர் விட்டுவந்த அத்தனை பிரிண்டரிலும் அந்தப் பெயர் பிழையில்லாமல் வந்திருக்கும். அவர் அலைந்ததெல்லாம் எங்கள் இரண்டு பேருக்காக.